ஒரே அமத்தில் எல்லாம்

கஷ்டம் கொடுக்கிற மனிதர்களைப் பற்றி உங்களை யாரும் எச்சரிக்கத் தேவையில்லை. தூரத்தில் கண்டவுடனேயே வேறு ஒழுங்கையால் திரும்பிவிடுவீர்கள். ஆனால் நம்முடைய கஷ்டத்தைக் குறைப்பதற்கென்றே பிறந்த ஓர் இனம் இருக்கிறது. அவர்களிடமிருந்து தப்ப ஒழுங்கையே கிடையாது. உங்களுக்குக் கஷ்டம் என்று நீங்கள் சொல்லியிருக்க மாட்டீர்கள். அப்படியொரு கஷ்டம் இருப்பது உங்களுக்கே தெரிந்திராது. அவருக்குத் தெரியும். "உது என்ன இவ்வளவு சிக்கலாக் கிடக்கு? தாங்கோ, லேசாக்கித் தாறன்" என்று கையை நீட்டுவார். கொடுத்தீர்களோ, அதற்குப் பிறகு அந்தப் பொருளை உங்களால் தனியே பாவிக்க முடியாது. அவரைக் கூப்பிட வேண்டும். கூப்பிட்டால் வருவார். மிகவும் சந்தோஷமாக வருவார்.

இவர்களுக்கு லேசாக்கிகள் என்று பெயர் வைப்போம். ஊருக்கு ஒருவராவது இருப்பார். சுன்னாகத்திலிருந்து காங்கேசன்துறைக்குப் போகிற வழியில் உள்ள ஒரு செம்மண் ஊருக்கு வாய்த்தவர் கனகலிங்கம். கொழும்பில் ஒரு கொம்பனியின் கணினிப் பிரிவில் வேலை பார்த்து, ஓய்வுபெற்று, ஊரோடு வந்து சேர்ந்தவர். ஓய்வு என்பது அவருக்குத்தான். ஊருக்கு அல்ல.

அவர் வீட்டில் இன்னும் லேசாக்கப்படாமல் இருப்பது மனைவி பாலேஸ்வரி மட்டுமே. அதுவும் முயற்சி போதாமல் அல்ல. தொலைக்காட்சி றிமோட்டில் இத்தனை பொத்தான் எதற்கு என்று யோசித்து, கறுத்த ஒட்டு ரேப் சுற்றி எல்லாவற்றையும் மறைத்து, மூன்றை மட்டும் வெளியே விட்டார்: போடுகிறது, அடுத்ததுக்குப் போகிறது, சத்தம் கூட்டுகிறது. சத்தம் குறைக்கிற பொத்தான் ரேப்புக்கு உள்ளே போய்விட்டது. ஆகவே அந்த வீட்டில் சத்தம் கூடும், குறையாது. குசினி அலமாரியில் மிளகாய்த்தூளும் கோப்பித்தூளும் சீரகத்தூளும் ஒரே அளவு போத்தலில், ஒரே மூடியோடு, இலக்கம் ஒட்டி நிற்கின்றன. எந்த இலக்கம் என்ன தூள் என்று கதவுக்குப் பின்னால் ஒரு பட்டியல் இருக்கிறது. பாலேஸ்வரி அதைப் பார்ப்பதில்லை. திறந்து மணந்து பார்த்துத்தான் சமைக்கிறார்.

"எவ்வளவு லேசு, பார்த்தீரே?" என்பார் கனகலிங்கம்.

"ஓம், மூக்கு இருக்கிற மட்டும் லேசுதான்" என்பார் பாலேஸ்வரி.

இப்படி வீடு முடிந்த பிறகு அவர் கண் வெளியே திரும்பியது. வெளியே என்றால், சனசமூக நிலையம். அந்த நிலையத்துக்கு ஊர்ப்பொதுவில் கதிரைகள், பந்தல் படங்குகள், சமையல் கிடாரங்கள் இருந்தன. கலியாணம், சாமத்தியம், குடிபூரல், செத்தவீடு என்று எது நடந்தாலும் சனம் அங்கேதான் வரும். எது எங்கே போயிருக்கிறது, எப்போது திரும்பும் என்பதைப் பார்க்க ஒரு கொம்பியூட்டரும் இருந்தது. கனடாவிலிருந்து யாரோ அனுப்பியது. அதில் யாரோ ஒரு மருமகப் பிள்ளை செய்துவிட்ட தரவுத்தளமும் இருந்தது. திறந்தால் பதினான்கு பெட்டிகள் வரும். ஆருடைய வீடு, எந்த ஒழுங்கை, எந்த நாள், என்ன காரியம், நல்லதா கெட்டதா, எத்தனை கதிரை, ஏற்றிப்போக லாண்ட்மாஸ்ரர் உழவு இயந்திரம் வேணுமா வேண்டாமா என்று ஒவ்வொன்றாய் நிரப்ப வேண்டும். நிலையத்தின் மேசை வேலைக்கு இருந்த நாகேஸ்வரி பெருமூச்சு விட்டு விட்டு நிரப்புவார். ஒரு பெட்டிக்கு ஒரு கதை கதைத்து முடிவதற்குள் கதிரை கேட்டு வந்தவருக்குத் தேத்தண்ணியும் வந்துவிடும்.

லேசாக்கிகள் எப்போதும் பின்னால்தான் நிற்பார்கள், கவனித்திருக்கிறீர்களா? கனகலிங்கமும் நாகேஸ்வரியின் கதிரைக்குப் பின்னால் நின்றார்.

"உது சனத்துக்கு விளங்காது, பிள்ளை."

"எனக்கு விளங்குது, அண்ணை."

"உமக்கு விளங்கும். சனத்துக்கு விளங்காது."

"சனம் இதைத் தொடுறேல்லையே. நான்தானே தொடுறன்."

"அதைத்தானே நானும் சொல்லுறன்."

இந்தச் சனம் என்பவர் யார்? எந்த ஒழுங்கையில் இருக்கிறார்? லேசாக்கிகள் அவரைக் கண்டதில்லை, ஒரு வார்த்தை கேட்டதில்லை. ஆனால் அவருக்கு என்ன விளங்கும், என்ன விளங்காது என்பது அவர்களுக்கு மனப்பாடம்.

கனகலிங்கம் பெட்டிகளைக் கழற்றத் தொடங்கினார். எந்த ஒழுங்கை என்பது எதற்கு, ஊருக்குள் எல்லாருக்கும் எல்லாரையும் தெரியும்தானே. போய்விட்டது. எத்தனை கதிரை என்பது எதற்கு, ஐம்பது ஐம்பதாகக் கொடுத்தால் போகிறது. அதுவும் போய்விட்டது. ஆருக்காக என்ற பெட்டி இருந்தது. கலியாணமென்றால் பொம்பிளை மாப்பிள்ளையின் பெயர், செத்தவீடென்றால் செத்தவரின் பெயர் எழுதுவது. வீட்டுக்காரரின் பெயரே போதும் என்று அதையும் எடுத்துவிட்டார். கடைசியில் மிஞ்சியது, 'நல்ல காரியமா, செத்தவீடா' என்று கேட்கிற பெட்டி. அதிலே அவர் கொஞ்சம் தயங்கினார் என்பதை மறைக்கக்கூடாது. பிறகு நிர்வாகசபைக் கூட்டத்தில் எழும்பி நின்று கேட்டார்:

"கலியாணத்துக்குக் கதிரை கேட்டு வாறவை இந்தத் திரையிலை முதன்முதல் காணுறது செத்தவீடு எண்ட சொல்லோ? சகுனம் எண்டு ஒண்டு இருக்கெல்லே?"

சகுனத்துக்கு எதிராக யார் வாய் திறப்பார்? வடை சாப்பிட்டுக்கொண்டிருந்த தலைவர் தலையாட்டினார். பெட்டி போய்விட்டது. இப்போது திரையில் ஒரு வெறும் கோடும், அதன் கீழே தட்டு அளவில் ஒரு பச்சைப் பொத்தானும் மட்டுமே. கோட்டில் வீட்டுக்காரரின் பெயர், முன்கூட்டியே சொல்பவரென்றால் பக்கத்தில் நாளும்; பொத்தானில் 'விசேஷம்'. அமத்தினால் லாண்ட்மாஸ்ரர் ஓட்டுகிற ஜெனிஸ்ரனுக்குத் தகவல் போகும், வீட்டுக்காரருக்கு வாழ்த்துப் போகும். "ஒரே அமத்து. சின்னப்பிள்ளையும் செய்யும்" என்றார் கனகலிங்கம். எல்லாரும் கை தட்டினார்கள். நாகேஸ்வரியும் தட்டினார், பதினான்கு பெட்டி நிரப்பியவருக்குத்தான் அந்தக் கஷ்டம் தெரியும்.

அடுத்த கிழமை பொன்னம்பலத்தின் தமக்கையார் காலமானார். நாகேஸ்வரி திரையில் தேடித் தேடிப் பார்த்துவிட்டு, வேறு வழியில்லாமல் இருந்த ஒன்றை அமத்தினார். கதிரை போய்ச் சேர்ந்தது. அதற்கு முன்னரே பொன்னம்பலத்தின் தொலைபேசிக்குச் செய்தி போய்ச் சேர்ந்தது: "உங்கள் இல்லத்து விசேஷம் இனிதே சிறக்க வாழ்த்துகள். மீண்டும் மீண்டும் எம்மை நாடுங்கள்."

எட்டுச்சிலவுச் சடங்கு முடிந்த மறுநாள் பொன்னம்பலம் சைக்கிளில் வந்து, தொலைபேசியைக் கனகலிங்கத்தின் மூக்குக்கு நேரே பிடித்தார்.

"மீண்டும் மீண்டும் எண்டு போட்டிருக்கு. இனி ஆரை அனுப்பச் சொல்லுறியள்?"

கனகலிங்கத்துக்கு உண்மையாகவே வெட்கமாகப் போய்விட்டது. அன்று அவருக்குச் சோறு இறங்கவில்லை. லேசாக்கிகள் கெட்டவர்கள் அல்லர் என்பதை இந்த இடத்தில் சொல்லியே ஆகவேண்டும். கெட்டவர்களாக இருந்தால் இவ்வளவு பாடுபடமாட்டார்கள்.

"பழைய பெட்டி ஒண்டைத் திருப்பி வைச்சால் என்ன, அண்ணை?" என்று நாகேஸ்வரி கேட்டார்.

"பெட்டி வைக்கிறது பின்னுக்குப் போறது, பிள்ளை. நாங்கள் கேக்கக்கூடாது. கொம்பியூட்டர் தானாகவே கண்டுபிடிக்கவேணும்."

கண்டுபிடிக்க ஒரு வழியையும் அவரே கண்டுபிடித்தார். கலியாணத்துக்கு யாராவது அன்றைக்கு வந்து அன்றைக்கே கதிரை கேட்பார்களா? நாள் பார்த்து, முன்கூட்டியே சொல்லி வைப்பார்கள். அன்றைக்கே ஓடிவந்து கேட்பது எது? செத்தவீடு மட்டும்தான். ஆகவே நாள் எழுதாமல் அன்றைக்கே கேட்டால் செத்தவீடு. மற்றதெல்லாம் நல்ல காரியம். எவ்வளவு அழகான கணக்கு. செத்தவீடு என்று கொம்பியூட்டர் முடிவெடுத்தால் கதிரையோடு படங்கும், ஒழுங்கை முகப்பில் கட்டுகிற வெள்ளைக் கொடிகளும் சேர்ந்து வெளிக்கிடும். நிலையத்தில் அங்கத்தவராயிருக்கிற சங்கத்தார் எல்லாருடைய தொலைபேசிக்கும் அனுதாபச் செய்தி போகும். உண்மையைச் சொன்னால், சில மாதங்களுக்கு எல்லாம் சரியாகவே நடந்தது. ஊரில் அவரைப் பாராட்டாத ஆள் இல்லை. பொன்னம்பலம் தவிர.

இதற்கிடையில் கனகலிங்கத்தின் மகன் கிருஷாந்துக்குக் கலியாணம் பொருந்தி வந்தது. பொருந்தி வந்தது என்று லேசாகச் சொல்லிவிடலாம். கம்பஸில் படித்த காலத்திலிருந்து கிருஷாந்தும் வல்வெட்டித்துறைச் சாருஜாவும் ஒருவரையொருவர் விரும்பியிருந்தார்கள். சாருஜாவின் தாயார் அருந்ததி சம்மதிப்பதற்குத்தான் அத்தனை வருடம் எடுத்தது. அருந்ததிக்குச் சகுனம் தப்பக்கூடாது. சாத்திரம் பொருந்திய ஒரு சம்பந்தத்தை, பல்லி சொன்ன திசை பிழை என்று படியிலிருந்தே திருப்பி அனுப்பியவர் அவர். தகப்பனார் சுபாஸ்கரன் கப்பலில் வேலை செய்து உலகம் சுற்றியவர். எந்தப் புயலுக்கும் பயப்படாதவர், அருந்ததிக்குப் பயந்தவர். "அப்பா, கலியாணம் முடியும் மட்டும் ஒண்டையும் லேசாக்காதேங்கோ" என்று கிருஷாந்த் கும்பிட்டுக் கேட்டிருந்தான். கனகலிங்கம் வாக்குக் கொடுத்தார்.

பொன்னுருக்கல் மாப்பிள்ளை வீட்டில். தாலிக்குரிய பொன்னைப் பத்தர் வந்து நல்ல நேரத்தில் உருக்குவார். பெண் வீட்டார் வந்து பார்ப்பார்கள். நெருங்கிய உறவுக்கு மட்டும்தான் சொல்லியிருந்தது. ஐம்பது கதிரை முன்கூட்டியே வந்து இறங்கியிருந்தது. அன்று விடிய சுபாஸ்கரன் தொலைபேசி எடுத்தார்.

"சம்பந்தி, இன்னும் ஒரு வானும் சேர்ந்து வெளிக்கிடுது. குறை நினைக்காதேங்கோ."

"இதிலை என்ன இருக்கு, சம்பந்தி? ஒரே அமத்து" என்றார் கனகலிங்கம்.

நாகேஸ்வரி யாரோ காலமானவரின் அந்தியேட்டிச் சடங்குக்காகக் கீரிமலைக்குப் போயிருந்தார். நிலையத்தின் திறப்பு ஒன்று கனகலிங்கத்திடமும் இருந்தது. போய்த் திறந்தார். நாகேஸ்வரியின் கதிரையில் இருந்தார். தான் செய்ததைத் தானே முன்னால் இருந்து பாவிப்பது அவருக்கு அதுதான் முதல் தடவை. இவ்வளவு நாளும் பின்னால்தானே நின்றவர். தன் பெயரை எழுதினார். பச்சைப் பொத்தானை அமத்தினார். கண் மூடித் திறப்பதற்குள் முடிந்துவிட்டது. சனம் எவ்வளவு கொடுத்துவைத்தது என்று நினைத்துக்கொண்டே வீட்டுக்கு நடந்தார். அவருடைய தொலைபேசி மனைவி, மகன், சம்பந்தி ஆகிய மூவருக்கும் மட்டுமே சத்தம் போடும்படி லேசாக்கப்பட்டிருந்ததால், சட்டைப்பையில் அது பேசாமல் கிடந்தது.

வல்வெட்டித்துறை வான்கள் வந்து, ஆட்கள் இறங்கி, கால் கழுவி, உள்ளே போய் இருந்தார்கள். பத்தர் சட்டியில் கரி போட்டார். அப்போதுதான் ஜெனிஸ்ரனின் லாண்ட்மாஸ்ரர் வந்தது. படலையில் கட்டியிருந்த வாழைகளைக் கண்டு அவன் கொஞ்சநேரம் யோசித்தான்.

"கொடியைக் கட்டிவிடவோ, ஐயா?"

"கட்டு, கட்டு. கெதியாக் கட்டு" என்றார் கனகலிங்கம், திரும்பிப் பார்க்காமல்.

அவன் ஒழுங்கை முகப்புக்குப் போய், இரண்டு பக்கமும் வெள்ளைக் கொடிகளைக் கட்டினான்.

நல்லதுக்குச் சொன்னால்தான் போகவேணும், கெட்டதுக்குச் சொல்லாமலே போகவேணும் என்பது அந்த ஊரின் சட்டம். கோபதாபம் அதற்குள் வராது. ஆகவே முதலில் வந்தவர் பொன்னம்பலம். வெள்ளை வேட்டி, சால்வை. ஒரு வார்த்தை கதைக்காமல் கனகலிங்கத்தின் இரண்டு கையையும் சேர்த்துப் பிடித்தார். பிடித்தபடி நின்று, தலையைக் குனிந்துகொண்டு உள்ளே போனார். பழையதை மறந்து என் பிள்ளையின் நல்ல காரியத்துக்கு வந்திருக்கிறாரே என்று கனகலிங்கத்துக்குக் கண் கலங்கிவிட்டது. கலங்கிய கண்ணை அடுத்து வந்தவர் கண்டார். அவரும் கையைப் பிடித்தார். பிறகு மற்றவர். பிறகு இன்னும் பலர்.

"வாங்கோ, வாங்கோ. எல்லாரும் வாங்கோ" என்று வாயெல்லாம் பல்லாக வரவேற்றார் கனகலிங்கம்.

செத்தவீட்டில் யாராவது 'வாங்கோ' என்று சொல்வதுண்டா? வந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். பாவம், கலியாண வாழையைக்கூட அவிழ்க்கவில்லை, துக்கத்தில் மனுசனுக்கு அறிவு தடுமாறிவிட்டது என்று தமக்குள் சொல்லிக்கொண்டு போய் இருந்தார்கள்.

உள்ளே அருந்ததிக்கு மெத்தச் சந்தோஷம். "எவ்வளவு சனம், பாருங்கோ. செல்வாக்கான இடம்தான்" என்று கணவரிடம் சொன்னார். ஆனால் இவ்வளவு பேரும் ஏன் ஒரு பகிடிகூட விடாமல் இருக்கிறார்கள் என்று சுபாஸ்கரனுக்கு ஒரு யோசனை. அந்த நேரம், முன்வரிசையில் இருந்து கோப்பி குடித்துக்கொண்டிருந்த சிவசுப்பிரமணியத்தைப் பொன்னம்பலம் கண்டுவிட்டார். சிவசுப்பிரமணியம் கனகலிங்கத்தின் மூத்த தமையனார், எண்பது கடந்தவர். அந்த வீட்டில் செத்தது யார் என்று யாரும் கேட்காமலே ஊர் முடிவுசெய்திருந்த ஆள் அவர்தான்.

"அண்ணை, நீங்கள் சுகமாத்தான் இருக்கிறியளோ?" என்றார் பொன்னம்பலம்.

"சுகமாத்தான் இருக்கிறன். நீ ஏன் வேர்த்துப்போய் நிற்கிறாய்?"

அதற்குள் ஒழுங்கை முகப்பில் ஒப்பாரி எழும்பிவிட்டது. பொன்னம்பலத்தின் மனைவி கொடியைக் கண்ட இடத்தில் தொடங்கி, "ஒரு சொல்லுச் சொல்லாமல் போட்டியளோ, எங்கடை ராசாவே" என்று நெஞ்சில் அடித்துக்கொண்டு படலைக்குள் வந்து, வாழையைக் கண்டு, குத்துவிளக்கைக் கண்டு, பாதியில் நின்றார். பத்தரின் ஊதுகுழல் நின்றது. அருந்ததி எழும்பினார்.

பொன்னம்பலம் நீட்டிக் காட்டிய தொலைபேசியைச் சுபாஸ்கரன் வாங்கி உரத்து வாசித்தார்: "கனகலிங்கம் அவர்களின் இல்லத்தில் நிகழ்ந்த இழப்பில் சங்கத்தார் அனைவரும் துயருறுகிறோம்."

"வெளிக்கிடுங்கோ" என்றார் அருந்ததி. "என்ரை பிள்ளையின்ரை தாலிக்குப் பொன்னுருக்கிற வீட்டிலை ஒப்பாரியோ? இது சரிவராது."

கனகலிங்கம் முன்னால் ஓடி வந்தார். "அது ஒண்டுமில்லை, சம்பந்தி. அண்டைக்கே கேட்டால் செத்தவீடெண்டு நான்தான் அதுக்குச் சொல்லிக் குடுத்தனான். முதல்லை ஒரு பெட்டி இருந்தது, அதைச் சகுனத்துக்காக எடுத்தனான், பேந்து வாழ்த்துப் போனது பிழைச்சுப்போச்சு, அதாலை நாளைப் பார்த்து..." அவர் சொல்லச் சொல்ல அது நீண்டுகொண்டே போனது. உலகத்தையே லேசாக்கியவரால் தான் செய்ததை லேசாகச் சொல்ல முடியவில்லை.

"அப்பா, ஒருக்கால் பேசாமல் இருங்கோ" என்றான் கிருஷாந்த். அவன் அழுதுவிடுவான் போல இருந்தது. மகனின் முகத்தைப் பார்த்த கனகலிங்கம் வாயை மூடினார். இத்தனை வருட வாழ்க்கையில் தன் விளக்கத்தைப் பாதியில் நிறுத்தியது அன்றுதான்.

சிவசுப்பிரமணியம் கோப்பியைக் கீழே வைத்தார்.

"பிள்ளை அருந்ததி, உங்களுக்குச் சகுனம் எல்லாம் தெரியும். ஒண்டு கேக்கிறன். உயிரோடை இருக்கிற ஆளைச் செத்துப்போச்செண்டு பொய்ச்செய்தி வந்தால் என்ன பலன்?"

அருந்ததியால் பதில் சொல்லாமல் இருக்க முடியவில்லை. தெரிந்த பாடத்தை யார்தான் சொல்லாமல் விடுவார்?

"ஆயுசு கூடும்."

"ஆற்றை ஆயுசு?"

"ஆரைச் சொல்லிச்சினமோ, அவற்றை ஆயுசு."

"தம்பி சுபாஸ்கரன், அதிலை ஆரைச் சொல்லியிருக்கெண்டு ஒருக்கால் பாருங்கோ."

சுபாஸ்கரன் செய்தியை மேலும் கீழும் தள்ளிப் பார்த்தார். பெயர் இல்லை. எப்படி இருக்கும்? அந்தப் பெட்டியைத்தான் கனகலிங்கம் கழற்றிவிட்டாரே.

"ஒருத்தற்றை பேரும் இல்லை. இல்லத்திலை எண்டு மட்டும்தான் கிடக்கு."

"அப்ப இந்த இல்லத்திலை இருக்கிற எல்லாருக்கும் கூடுது. எனக்குக் கூடி என்ன, கூடாமல் என்ன? மாப்பிள்ளைக்குக் கூடுதெல்லே. தாலிக்குப் பொன்னுருக்கிற நேரத்திலை, கட்டப்போறவனுக்கு ஆயுசு கூட்டி ஒரு ஊரே திரண்டு வந்திருக்கு. இதைவிட வேறை என்ன சகுனம் வேணும், பிள்ளை?"

அருந்ததி யோசித்தார். விரல் மடித்துப் பார்த்தார். எந்தப் பக்கத்தால் பார்த்தாலும் அது சரியாகத்தான் வந்தது. மெல்ல இருந்தார்.

"நல்ல நேரம் போகுது. பத்தரை ஊதச் சொல்லுங்கோ" என்றார்.

பத்தர் ஊதினார். பொன் உருகிற்று. பொன்னம்பலத்தின் மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டு ஒரு பயற்றம் பணியாரம் எடுத்தார். கிருஷாந்த் பெரியப்பாவின் காலில் விழுந்து கும்பிட்டான். துக்கம் விசாரிக்க வந்த ஊர் பந்தியில் இருந்து சாப்பிட்டது. சோறு காணாமல் பாலேஸ்வரி மறுபடி உலை வைத்தார். போகும்போதுதான் சனத்துக்குத் தடுமாற்றம். செத்தவீட்டில் யாரும் சொல்லிக்கொண்டு போவதில்லை. நல்ல வீட்டில் சொல்லாமல் போகக்கூடாது. பொன்னம்பலம் படலை வரைக்கும் பேசாமல் போய், நின்று, திரும்பி வந்தார்.

"போட்டு வாறன், கனகலிங்கம். மீண்டும் மீண்டும் வாறன்."

கலியாணம் சிறப்பாக நடந்தது. அதற்குப் பிறகாவது கனகலிங்கம் திருந்தியிருப்பார் என்று எதிர்பார்க்கிறீர்கள், இல்லையா? நாகேஸ்வரியும் அப்படித்தான் எதிர்பார்த்தார். "இனி அந்தப் பெட்டியளைத் திருப்பி வைப்பமோ, அண்ணை?" என்று கேட்டார்.

"ஏன் வைக்கிறது? பேர்ப் பெட்டியை எடுத்தபடியாலைதானே பிள்ளை கலியாணமே நடந்தது" என்றார் கனகலிங்கம். "பிழை அதிலை இல்லை. பொத்தானிலை. ஒரு ஆள் அதை அமத்தப் போய்த்தானே இவ்வளவும் வந்தது." இப்போது அவர் பொத்தானே இல்லாத ஒன்றைச் செய்துகொண்டிருக்கிறார். நாகேஸ்வரியின் கதிரைக்குப் பின்னால் நின்றுதான்.

நீங்கள் அவரைப் பார்த்துச் சிரிக்கிறீர்கள். தாராளமாகச் சிரியுங்கள். ஆனால் இதை வாசித்துக்கொண்டு வரும்போது நடுவிலே ஓரிடத்தில், பதினான்கு பெட்டி, இரண்டு வான், பல்லி, பத்தர், இவ்வளவும் எதற்கு, பாதியை வெட்டிவிட்டால் சனத்துக்கு லேசாக விளங்குமே என்று உங்களுக்குத் தோன்றியதா? தோன்றியிருந்தால், தயவுசெய்து எழும்பிப் போய் உங்கள் வீட்டு றிமோட்டை ஒருமுறை எடுத்துப் பாருங்கள். சத்தம் குறைக்கிற பொத்தான் எங்கே என்று உங்கள் வீட்டார் எவ்வளவோ காலமாகக் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார்கள். அந்தச் சத்தத்தில் உங்களுக்குத்தான் கேட்கவில்லை.